எந்த விலங்குக்கு எந்தத் துப்பாக்கி

யானையின் தலை பெரிது. அதற்குள் மூளை இருக்கும் இடம் சிறிது. ஆசிய யானையின் மூளை ஏறத்தாழ ஐந்து கிலோ எடை கொண்டது. அது நெற்றியை ஒட்டி இல்லை. தலையின் பின்பகுதியில், இரண்டு காதுத் துளைகளுக்கும் நடுவே, தாழ்வாக அமைந்திருக்கிறது. நெற்றித் தோலுக்கும் மூளைக்கும் இடையே இருப்பது காற்றறைகள் நிறைந்த, தேனடை போன்ற எலும்பு. எதிரே வரும் யானையைச் சுடுபவரின் குண்டு இந்த எலும்பு முழுவதையும் துளைக்க வேண்டும். வழியில் நசுங்கவோ உடையவோ திசை மாறவோ கூடாது. மூளைக்கு ஒரு சாண் மேலே போனாலும் யானை விழாது. காயத்துடன் ஓடிவிடும், அல்லது சுட்டவர் மீது பாயும்.

பெருவிலங்கு வேட்டைக்கு ரைஃபிளும் காலிபரும் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு மண்டையோடு போதும். குண்டு எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பவை அடுத்த கேள்விகள். உயிர்நிலை எங்கே இருக்கிறது, அதற்கு முன்னால் எத்தனை தோலும் சதையும் எலும்பும் இருக்கின்றன, அவ்வளவையும் கடந்து குண்டு அங்கே போய்ச் சேருமா என்பதே முதல் கேள்வி. புள்ளிமான் எழுபது எண்பது கிலோ. சிறுத்தை ஐம்பது அறுபது கிலோ. கடமான் கிடா இருநூறு கிலோவைத் தாண்டும். ஆண் புலியும் அப்படித்தான். வளர்ந்த காட்டெருமைக் காளை ஒரு டன்னை எட்டும். யானை நான்கைந்து டன். ஒரே காட்டில் உலவும் இந்த விலங்குகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே துப்பாக்கி என்று ஒன்று இருந்ததில்லை.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விளையாட்டுக்காக வேட்டையாடுவது இன்று குற்றம். ஆனால் தெற்காசியக் காடுகளில் நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்த இந்தத் தேர்வின் வரலாறு, வேட்டையின் வரலாறாக மட்டும் நின்றுவிடவில்லை. விலங்குகள் எப்படி அழிந்தன, சில ஏன் ஆட்கொல்லிகளாயின, வனத்துறை இன்று மயக்க ஊசித் துப்பாக்கியை எப்படிக் கையாளுகிறது என்பவற்றுக்கும் அதில் விளக்கம் உண்டு.

முதலில் எண்களைப் பற்றி. பழைய துப்பாக்கிகளின் அளவு ‘போர்’ எண்ணால் சொல்லப்பட்டது. ஒரு பவுண்டு ஈயத்தில் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் எத்தனை உருண்டைகள் வார்க்கலாமோ, அந்த எண்ணிக்கையே போர். ஆகவே எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 12 போர் குழலின் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், 8 போர் 21 மில்லிமீட்டர், 4 போர் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். பிற்காலத்து ரைஃபிள்களில் விட்டமே அங்குலத்தின் பின்னமாகச் சொல்லப்பட்டது: .450 என்றால் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, .275 என்றால் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். இந்த எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. .275 ரிக்பி என்ற பிரிட்டிஷ் பெயரும் 7×57 மவுசர் என்ற ஜெர்மானியப் பெயரும் ஒரே தோட்டாவைக் குறிப்பவை. குழலின் உட்பக்கத்தில் வெட்டப்பட்ட பள்ளங்களுக்கு இடைப்பட்ட அளவைச் சிலர் சொன்னார்கள். குண்டின் அளவைச் சிலர் சொன்னார்கள். காலிபர் என்பது விட்டம் மட்டுமே. அதே விட்டத்தில் கனமான குண்டும் இருக்கலாம், லேசான குண்டும் இருக்கலாம். மருந்து கூடலாம், குறையலாம். தோட்டாவின் முழுப் பெயரும் குண்டின் எடையும் தெரியாமல் காலிபரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

கரிமருந்துக் காலத்தில் வேறு வழி இல்லாததால்தான் குழல்கள் அவ்வளவு பெருத்தன. கரிமருந்தால் குண்டை ஓரளவுக்கு மேல் வேகமாகத் தள்ள முடியாது. வேகம் கூடாதபோது எடையைத்தான் கூட்ட வேண்டும். ஈயக் குண்டின் எடை கூடினால் விட்டமும் கூடும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று இலங்கையில் கிடைக்கிறது. 1840-களின் நடுவில் அங்கே வந்து, பின்னர் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிப்ஸ் என்ற துப்பாக்கித் தொழிலாளரிடம் 1840-இலேயே ஒரு ரைஃபிளைச் செய்து வாங்கியிருந்தார். அதன் எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. குழல் மூன்றடி நீளம். ஒரு முறை சுட 28 கிராம் கரிமருந்து. உருண்டைக் குண்டு மூன்று அவுன்ஸ், கூம்புக் குண்டு நான்கு அவுன்ஸ். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளைக் குழலின் வாய் வழியாகத்தான் கெட்டிக்க வேண்டும். யானை பாய்ந்து வரும்போது மீண்டும் மருந்து கெட்டிக்க நேரம் கிடைக்காது. அதனால் கெட்டித்த துப்பாக்கிகள் மூன்று நான்கை ஏந்திக்கொண்டு உள்ளூர் ஆட்கள் பின்னாலேயே வருவார்கள். யானை எதிரே வரும்போது ஓடாமல் நின்று அடுத்த துப்பாக்கியை நீட்டிய அந்த ஆட்களின் பெயர்கள் வேட்டைப் புத்தகங்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

இலங்கையில் அப்போது நடந்ததை வேட்டை என்று சொல்வதைவிட அழிப்பு என்று சொல்வதே பொருந்தும். யானையைக் கொன்றால் அரசு வெகுமதி கொடுத்தது. 1848-க்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டதாக, அங்கே காலனியச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் பதிவு செய்திருக்கிறார். மேஜர் ராஜர்ஸ் என்ற ஒரே அதிகாரியின் கணக்கில் ஏறத்தாழ 1,400 யானைகள் சொல்லப்படுகின்றன. அவர் 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

பேக்கர் பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்கா சென்றபோது ஒன்றைக் கண்டுகொண்டார். இலங்கையில் யானையை நெற்றியில் சுட்டு வீழ்த்திய அதே முறை ஆப்பிரிக்க யானையிடம் பலிக்கவில்லை. ஆப்பிரிக்க யானையின் மண்டை அமைப்பு வேறு. நெற்றியின் சரிவு வேறு. தந்தங்களின் வேர்கள் குண்டின் பாதையில் குறுக்கிடுகின்றன. துப்பாக்கி மாறவில்லை, சுடுபவரும் மாறவில்லை. விலங்கின் எலும்பு மாறியது, முடிவும் மாறியது. வேட்டைத் துப்பாக்கி பற்றி பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டவற்றில் இன்றும் பழசாகாத பாடம் இதுவே.

1870-களில் ‘எக்ஸ்பிரஸ்’ ரைஃபிள்கள் பரவின. .450, .500, .577 என்ற அளவுகளில் வந்த இவற்றில் குண்டு லேசாகவும் மருந்து மிகுதியாகவும் இருந்தன. குண்டின் முனையில் ஒரு குழி. வேகம் கூடியதால் பாதை நேராக இருந்தது. தூரத்தைத் துல்லியமாகக் கணிக்காவிட்டாலும் குறி தவறுவது குறைந்தது. மான்களிடம் இது நன்றாக வேலை செய்தது. புலியிடம் சிக்கல் தொடங்கியது. குழிக் குண்டு புலியின் தோளில் பட்டதும் சிதறிவிடும். பார்க்கப் பயங்கரமான மேற்காயம் உண்டாகும். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் எதுவும் போய்ச் சேராது. பேக்கர் 1890-இல் வெளியிட்ட நூலில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். புலிக்கு .577 ரைஃபிளில், 42 கிராம் எடையுள்ள, குழியில்லாத மென்மையான ஈயக் குண்டுதான் சரி என்பது அவர் முடிவு. அது உள்ளே போகப் போகக் காளான் குடைபோல் விரியும், உடைந்து போகாது, உடலுக்குள்ளேயே நின்று தன் முழு விசையையும் அங்கேயே செலவிடும்.

அதே சமயத்தில் புகையில்லா மருந்து வந்தது. பிரிட்டன் 1889-இல் உருவாக்கிய கார்டைட், பார்ப்பதற்கு நூல் நூலாக இருக்கும். அது எரியும்போது புகைமூட்டம் எழாது; குண்டின் வேகமும் வெகுவாகக் கூடும். 1898-இல் லண்டன் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. 31 கிராம் குண்டு வினாடிக்கு 655 மீட்டர் வேகத்தில் பறந்தது. ஒன்பது பத்துக் கிலோ எடையுள்ள 4 போர் செய்த வேலையை ஐந்து கிலோ ரைஃபிள் செய்துவிட்டது; விட்டமோ பாதிக்கும் குறைவு. ஒல்லியான, நீளமான, தாமிர-நிக்கல் உறை போர்த்திய குண்டு, பருத்த ஈய உருண்டையைவிட ஆழமாகத் துளைத்தது. பெருங்குழல்களின் காலம் சில ஆண்டுகளிலேயே முடிவுக்கு வந்தது.

இந்தக் கார்டைட்டுக்கு நீலகிரியில் ஒரு வீடு உண்டு. குன்னூருக்கு அருகில் அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. அங்கே செய்யப்பட்டது ராணுவத்துக்கான மருந்து.

ஆனால் கார்டைட்டுக்கு வெயில் ஆகாது. சூடேறினால் அது வேகமாக எரியும். குழலுக்குள் அழுத்தம் கூடும். இங்கிலாந்தின் குளிரில் சோதித்த தோட்டா, மே மாதத்து மத்திய இந்திய வெயிலில் கிடந்த பிறகு சுடப்பட்டால், வெற்று உறை குழலிலேயே இறுகிக்கொள்ளும். பாயும் விலங்கின் முன்னால் உறை சிக்கிக்கொண்டால் அந்த ரைஃபிள் வெறும் கட்டைதான். அதனால் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்த தோட்டாக்களைத் தனியே செய்து அனுப்பினார்கள். மழைக்காலம் இன்னொரு எதிரி. அந்நாளைய தோட்டாக்களின் அடிமுனை ரசாயனம் குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். ஈரக் காற்றில் அது ஒரே இரவில் துரு பிடிக்க வைக்கும். சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் பூசாத குழல் கெட்டுப்போகும். வசதியான அறையில் உட்கார்ந்து எண்களை மட்டும் ஒப்பிட்டவர்கள் இந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

காலிபரைத் தீர்மானித்ததில் விலங்குக்கும் தட்பவெப்பத்துக்கும் அடுத்த இடம் அரசாங்கத்துக்கு. 1907-ஆம் ஆண்டளவில் பிரிட்டிஷ் அரசு .450 அளவுள்ள ரைஃபிள்களை இந்தியாவிலும் சூடானிலும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. பழைய ராணுவத் துப்பாக்கியான மார்ட்டினி-ஹென்றியும் .450 அளவுதான், அவற்றில் பல கிளர்ச்சியாளர்களின் கைகளில் இருந்தன. வேட்டைத் தோட்டாவின் குண்டு அவற்றுக்குப் பயன்பட்டுவிடுமோ என்ற அச்சமே தடைக்குக் காரணம். இந்தியச் சந்தையை இழக்க விரும்பாத லண்டன் நிறுவனங்கள் உடனே தடைக்குத் தப்பிய புதிய அளவுகளைக் கொண்டுவந்தன: ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் .465, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .476, பலரும் ஏற்றுக்கொண்ட .470. இவை எல்லாம் விலங்கிடம் செய்யும் வேலையில் .450-இலிருந்து வேறுபட்டவை அல்ல. உலகப் புகழ்பெற்ற அந்தக் காலிபர்கள் பிறந்ததற்கு யானையோ காட்டெருமையோ காரணமில்லை. பேரரசின் பயமே காரணம்.

ராணுவத்தின் .303 தோட்டாவும் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. அதற்கு மாற்றாக பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் இந்தியாவுக்கென்று .315 ரைஃபிள்களைச் செய்தது. ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவை அடிப்படையாகக் கொண்ட இந்த அளவு, சுதந்திரத்துக்குப் பிறகு மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தொடர்ந்தது. இன்றும் இந்தியாவில் உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய ரைஃபிள்களில் மிகப் பரிச்சயமானது இதுவே. ஏறத்தாழ 16 கிராம் எடையுள்ள நீண்ட குண்டு, மிதமான வேகம். நவீன அளவுகளோடு ஒப்பிட்டால் பழமையானது. ஆனால் நடுத்தர விலங்குகளுக்குக் குறைந்த தூரத்தில் போதுமானது.

குண்டின் கட்டமைப்புக்கு வருவோம். பெரும்பாலோர் காலிபரைப் பற்றி வாதிட்டு நேரத்தைச் செலவிடும் இடத்தில், உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். முழுவதும் கடினமான உலோக உறை போர்த்திய குண்டு விரியாது. நேராக ஆழமாகப் போகும். யானைக்கும், தோளெலும்பு தடித்த காட்டெருமைக்கும் இது தேவை. முனையில் மட்டும் ஈயம் தெரியும்படி விட்ட மென்முனைக் குண்டு சதையில் பட்டதும் விரியும். அகலமான காயத்தை உண்டாக்கி விரைவில் உயிரைப் போக்கும். புலி, சிறுத்தை, மான் ஆகியவற்றுக்கு இது தேவை. இடம் மாறினால் இரண்டுமே கேடு. மென்முனைக் குண்டு யானையின் மண்டையில் பாதி வழியிலேயே நசுங்கி நிற்கும். கடின உறைக் குண்டு சிறுத்தையின் உடலில் ஊசி போல் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். விலங்கு புதருக்குள் போய்ப் பல மணி நேரம் வேதனைப்பட்டுச் சாகும்.

மென்முனைக் குண்டு போருக்குப் போன கதை கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச் சாலையில் தொடங்குகிறது. 1890-களில் வடமேற்கு எல்லைப் போர்களில் உறை போர்த்திய .303 குண்டு எதிரிகளை நிறுத்தவில்லை என்று ராணுவத்தினர் குறைப்பட்டார்கள். டம்டமில் முனை உறையை நீக்கிய குண்டுகள் செய்யப்பட்டன. மனித உடலில் அவை உண்டாக்கிய கொடூரத்தைக் கண்டு 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. வேட்டையில் நிலைமை நேர்மாறு. பிரிட்டன் உட்படப் பல நாடுகளின் சட்டங்கள் மானைச் சுட விரியும் குண்டையே கட்டாயமாக்குகின்றன. போரில் காயம்பட்டவனுக்கு மருத்துவமனை உண்டு. காட்டில் காயம்பட்ட விலங்குக்கு விரைவான சாவைத் தவிர வேறு இரக்கம் கிடையாது.

குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க ஓர் எளிய வழி உண்டு. அதன் எடையை அதன் குறுக்களவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே விட்டத்தில் நீளமும் எடையும் கூடிய குண்டு ஆழமாகப் போகும். .275 ரிக்பியின் 11 கிராம் நீளக் குண்டு, குறுக்களவுக்கு ஏற்ற எடையில் .470-இன் 32 கிராம் குண்டுக்கு ஏறக்குறைய நிகரானது. இதை வைத்துத்தான் ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரம் யானைகளுக்கு மேல் கொன்றார்; பெரும்பாலானவற்றை .275 அளவில், கடின உறைக் குண்டால். யானை மண்டையை அறுத்துப் பார்த்து மூளையின் இடத்தை அவர் மனப்பாடம் செய்திருந்தார். அவருடைய கையும் கண்ணும் அபூர்வமானவை. அவரைப் பார்த்துச் சிறு காலிபருடன் யானை முன் போனவர்கள் பலர் பரிதாபமாக இறந்திருக்கிறார்கள். சிறு குண்டு மூளையைத் தொட்டால் யானை விழும். சற்றே தவறினால் அதிர்ச்சியில்கூட நிற்காது. கனத்த குண்டு சற்றுத் தவறினாலும் யானையைத் தடுமாற வைக்கும், திருப்பி விடும். பெரிய காலிபரின் உண்மையான பயன் அந்தச் சிறு அவகாசம்தான்.

அதற்கான விலை தோளில் கொடுக்க வேண்டியது. கனத்த குண்டை வேகமாகத் தள்ளும் துப்பாக்கி பின்னால் கடுமையாக உதைக்கும். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுவார், குழலை அசைப்பார். அவரால் தாங்கக்கூடிய, ஒரு படி சிறிய ரைஃபிளே அவர் கையில் நன்றாக வேலை செய்யும். 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் இவ்வளவு நீண்ட காலம் நிலைத்ததற்கு இதுவே காரணம். 19 கிராம் குண்டு, வினாடிக்கு 770 மீட்டர், 5,700 ஜூல் ஆற்றல். யானைக்கும் போதும், மானுக்கும் மிகையில்லை, சாதாரண மனிதரால் பழகிச் சுடவும் முடியும். ஒரே ரைஃபிளைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு நூறு ஆண்டுகளாகச் சொல்லப்படும் பதில் இது. அதைவிடச் சிறந்த பதில் இன்னும் வரவில்லை.

இரட்டைக் குழலா, போல்ட் இயக்கமா என்ற பழைய வழக்கும் உண்டு. இரட்டைக் குழல் ரைஃபிளில் இரண்டு தனித் துப்பாக்கிகள் ஒரே கட்டையில் இருக்கின்றன: இரண்டு குழல், இரண்டு விசை. ஒன்று பழுதானாலும் மற்றது சுடும். இரண்டாவது குண்டுக்குக் கையை எடுக்க வேண்டியதில்லை, தோட்டா ஏற்றும் ஓசையும் எழாது. அடர்ந்த புதரில் பத்தடி தூரத்தில் புலி இருக்கும்போது இதற்கு ஈடு இல்லை. இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி இணைப்பது நுட்பமான கைவேலை. அதனால் விலை ராஜாக்களுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும்தான் எட்டியது. போல்ட் ரைஃபிள் மலிவு, துல்லியம் அதிகம், நான்கைந்து தோட்டாக்கள் கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் கையால் இயக்க வேண்டும்.

வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் வாழ்க்கையில் இரண்டையும் பார்க்கலாம். 1907-இல் குமாவுனின் ஆட்கொல்லியான சம்பாவத் பெண்புலியை அவர் எதிர்கொண்டபோது கையில் இருந்தது .500 இரட்டைக் குழல் ரைஃபிள். உடன் எடுத்துச் சென்றவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்ததும், உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கி வந்து சுட நேர்ந்தது. அந்தப் புலியைக் கொன்றதற்காக அவருக்கு .275 ரிக்பி ரைஃபிள் ஒன்று பரிசளிக்கப்பட்டது. லேசான, துல்லியமான அந்த ரைஃபிளை மலைச்சரிவுகளில் நாள் முழுவதும் சுமந்து நடக்க முடிந்தது. பின்னாளில் .450/400 ஜெஃப்ரி இரட்டைக் குழலையும் அவர் பயன்படுத்தினார்.

சம்பாவத் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. இறந்த பிறகு பார்த்தபோது அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன: மேல் பல் பாதியாக, கீழ்ப்பல் எலும்பு வரை. எப்போதோ யாரோ சுட்ட குண்டு செய்த வேலை அது என்றும், இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதே அது மனிதரைத் தேடக் காரணம் என்றும் கார்பெட் எழுதினார். எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு என்பது யாருக்கும் தெரியாது. உயிர்நிலைக்குப் போய்ச் சேராத ஒரே ஒரு குண்டு. துப்பாக்கித் தேர்வு சுடுபவரின் சொந்த விஷயம் என்று நினைப்பவர்கள் குமாவுன் கிராமங்களின் அந்த ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிலமும் தேர்வை மாற்றும். நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் வரையாடு திறந்த பாறைச் சரிவில் நிற்கும்; நெருங்க முடியாது. நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு அப்பாலிருந்து சுட வேண்டும். அங்கே நேர்ப்பாதையில் போகும் எக்ஸ்பிரஸ் ரைஃபிள்களும் பின்னர் மெல்லிய காலிபர்களும் விரும்பப்பட்டன. இந்த வசதியே வரையாட்டுக்குக் கேடாயிற்று. எண்ணிக்கை சரிந்ததைக் கண்ட வேட்டைக்காரர்களே 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்தார்கள். 1879-இல் சென்னை மாகாண அரசு உரிமமும் தடைப்பருவமும் கொண்ட சட்டத்தை அங்கே கொண்டுவந்தது.

வடகிழக்கே இறங்கி வந்தால் ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று முள்ளும் மூங்கிலும் அடர்ந்த காடு. அங்கே முப்பது மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாது. பெங்களூர்வாசியான கென்னத் ஆண்டர்சன் இந்தப் பகுதிகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தபோது பெரும்பாலும் ஏந்தியது .405 வின்செஸ்டர். விசைக்குக் கீழிருக்கும் நெம்புகோலை இயக்கிச் சுடும் அமெரிக்க ரைஃபிள் அது. 19 கிராம் எடையுள்ள மழுங்கிய முனைக் குண்டு, 4,400 ஜூல் அளவில் ஆற்றல். தூரச் சுடுதலுக்கு அது ஆகாது. குண்டு சீக்கிரம் தாழ்ந்துவிடும். பரணிலிருந்தோ கொடித் தடத்திலோ அருகில் சுட அதைவிட விரைவான துப்பாக்கி அன்று குறைவு. இரவில் குழலோடு டார்ச் விளக்கைப் பொருத்திச் சுடும் வழக்கமும் அவருடைய கதைகளில் வருகிறது. பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது குண்டு முதுகெலும்பின் வழியாக இறங்கும் என்பதால், நெஞ்சுக்கு நேராகக் குறிவைத்துப் பழகியவர்கள் அங்கே தவறுவது சாதாரணம்.

இந்த வேட்டைக்காரர்களில் பலர் விலங்குகளை அளந்து குறிப்பெழுதும் வழக்கமும் கொண்டிருந்தார்கள். மும்பையில் 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தொடக்ககால ஆய்விதழ்களில் அவர்களுடைய குறிப்புகள் நிறைய உண்டு. கொல்வதற்காகச் சேர்த்த உடலமைப்பு அறிவு பின்னர் காப்பதற்குப் பயன்பட்டது.

வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இன்று குறைந்தபட்ச ஆற்றலைச் சட்டமே வரையறுக்கிறது. நமீபியாவில் ஸ்பிரிங்பக் போன்ற சிறு மானுக்கு 1,350 ஜூல், குடு போன்ற பெரிய மானுக்கு 2,700 ஜூல், யானைக்கும் எருமைக்கும் 5,400 ஜூல். இந்த அட்டவணைகள் நல்ல வேலிகள். முழு வழிகாட்டிகள் அல்ல. ஆற்றல் என்பது எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கிய கணக்கு. அதில் வேகத்துக்கு அதிகச் சலுகை. லேசான, வேகமான, மேலேயே சிதறும் குண்டும் காகிதத்தில் பெரிய எண்ணைக் காட்டும்.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ராணுவ அளவுகள் தடை செய்யப்பட்ட போர் வகையில் வரும். உரிமம் இருந்தாலும் விலங்கைச் சுட உரிமை இல்லை. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கை என்ன செய்வது என்று வனவிலங்குச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர்தான் முடிவு செய்ய வேண்டும். பிடிக்கவோ மயக்கவோ இடமாற்றவோ முடியாது என்றால் மட்டுமே கொல்ல ஆணையிடலாம்.

பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றி விஷயத்தில் மாநிலங்கள் சற்று இறங்கி வந்திருக்கின்றன. கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு ஆணையிடும் அதிகாரம் தந்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடத் தடை, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்து விடுதல், அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம் என்று வரையறுத்தது. வயலோரம் சுடுவதற்குக் காலிபரைத் தேர்ந்தெடுக்கும்போது பன்றியை மட்டும் பார்த்தால் போதாது. .30-06 போன்ற ரைஃபிளின் குண்டு தவறினால் பல கிலோமீட்டர் போகும். பன்றியைத் துளைத்து வெளியேறினாலும் ஆளைக் கொல்லும். பின்னால் மண்மேடு இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்பது காலிபரைவிடப் பெரிய கேள்வி. 12 போர் துப்பாக்கியின் ரவை அவ்வளவு தூரம் போகாது. ஆனால் முப்பது மீட்டரைத் தாண்டினால் பன்றியின் தடித்த தோளை ஊடுருவாமல் காயப்படுத்தி விட்டுவிடும்.

வனத்துறையின் கையில் இன்று முதலில் வருவது மயக்க ஊசித் துப்பாக்கி. இங்கே தேர்வின் விதிகள் எல்லாம் தலைகீழ். ஊசி ஆழமாகப் போகக் கூடாது. தொடையிலோ தோளிலோ தடித்த சதையில் பட்டு, மருந்தைச் செலுத்தி நின்றுவிட வேண்டும். அழுத்தம் மிகுந்தால் எலும்பு முறியும், வயிறு கிழியும். குறைந்தால் தோலில் பட்டுத் தெறித்து விழும். அதனால் வாயு அழுத்தத்தைத் தூரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் மாற்றி வைக்கிறார்கள். யானைத் தோலுக்கு நீண்ட தடித்த ஊசி, புலிக்குக் குட்டையான ஊசி. சைலசின், கெட்டமைன் போன்ற மருந்துகளின் அளவு விலங்கின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டே முடிவாகிறது. மருந்து ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் விலங்கு ஓடிவிடும் என்பதால் பின்தொடரக் கும்கி யானைகளும் தடம் அறிந்த பழங்குடி ஊழியர்களும் வேண்டும்.

2018 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் டி-1 என்ற பெண்புலி சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஊசி முறையாகச் செலுத்தப்பட்டதா என்ற கேள்வி நாடு முழுவதும் விவாதமாயிற்று. 2021 அக்டோபரில் மசினகுடிப் பகுதியில் டி-23 புலிக்கு வேட்டை ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்தும், மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அது ஊசி செலுத்தி உயிருடன் பிடிக்கப்பட்டு மைசூருக்கு அனுப்பப்பட்டது. 2023 ஜூன் 5 அன்று தேனி மாவட்டத்தில் அரிக்கொம்பன் யானையும் அவ்வாறே பிடிக்கப்பட்டது. இத்தகைய ஒவ்வொரு நடவடிக்கையிலும் ஊசி ஏந்துபவருக்கு அருகில் கனத்த காலிபர் ரைஃபிளுடன் ஒருவர் பாதுகாப்புக்கு நிற்பது நல்ல நடைமுறை. குழு விலங்கை நெருங்க வேண்டியிருக்கிறது. மருந்து வேலை செய்வதற்கு முன் அது திரும்பிப் பாய்ந்தால், அந்த விலங்குக்கு ஏற்ற குண்டும் அதைச் சுடப் பழகிய கையும் தேவைப்படும்.